மீட்டிங்ல வாய் திறக்கவே பயம்: எனக்கு எது சரிப்பட்டு வந்துச்சு

மீட்டிங்ல அடுத்து நம்மளைத்தான் கேட்கப் போறாங்கன்னு தெரிஞ்சாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், விரல் நுனி மரத்துப்போகும், தலை லேசா சுத்தும். முதல் நாள் ராத்திரியே தூக்கம் போயிடும்.

மோட்டிவேஷன் வீடியோ நிறைய பார்த்தேன், பார்க்குறவரைக்கும் தைரியம், அப்புறம் பழைய கதைதான். சாக்கு சொல்லி மீட்டிங்கைத் தவிர்த்தா அந்த நேரத்துக்கு நிம்மதி, ஆனா அடுத்த தடவை பயம் இன்னும் ஜாஸ்தி, ஏன்னா தப்பிச்சதாலதான் பொழைச்சோம்னு மூளை கணக்குப் போட்டுக்குது.

பலபேர் கவனிக்காதது மூச்சு விடுற விதம். நல்லா இழுத்து விடுன்னு எல்லாரும் சொல்வாங்க, ஆனா பயத்துல பெருசா வேகவேகமா இழுத்தா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சு அந்த மரத்துப்போறதும் தலைசுத்தலும் கூடத்தான் செய்யும். அதனால 4 எண்ணி மூக்கால மெதுவா இழுத்து 6 எண்ணி விட ஆரம்பிச்சேன், நிமிஷத்துக்கு 6 மூச்சுதான் வரும். வெளிய விடும்போது இதயத்துடிப்பு இயல்பாவே கொஞ்சம் குறையும். பயம் வர்றப்ப மட்டும் செஞ்சா வேலைக்காகாது, தினமும் பல்லு தேய்ச்ச கையோட 5 நிமிஷம் பழகணும்.

காபியை மத்தியானத்தோட நிறுத்தினேன். காபியில இருக்குற கஃபைன் உடம்புல பாதியா குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். தூக்கம் திரும்பிச்சு.

ஆனா பயத்தை உடைச்சது இதுதான்: எந்த மீட்டிங்னாலும் ஆரம்பத்துலயே ஒரே ஒரு கேள்வி கேட்டுடுறது, எவ்ளோ சின்னதா இருந்தாலும் சரி. படபடப்பு இருக்கும்போதே கேட்கணும், அடங்கட்டும்னு காத்திருந்தா மீட்டிங்கே முடிஞ்சிடும். இப்பவும் படபடப்பு வருது, பேசி முடிக்கிறதுக்குள்ள தானா இறங்கிடுது. அப்பாடான்னு இருக்கு.