மழை நாளுக்கு மிளகு தூக்கலா வெஜ் சூப், கார்ன்ஃப்ளார் இல்லாம

சென்னைல குளிருதுன்னு சொன்னா ஊட்டிக்காரங்க சிரிப்பாங்க. இங்க 21 டிகிரிக்கு இறங்கினாலே பாதி பேர் குல்லா மாட்டிட்டு தான் பால் வாங்கவே வருவாங்க. ஆனா ஐப்பசி கார்த்திகைல விடாம ஊத்தி, துவைச்ச துணி காயாம, தொண்டையும் கரகரன்னு இருக்கும்போது காரமா சூடா ஏதாவது உள்ள போனா தான் மனுஷனுக்கு உசுரு வரும். இது ஹோட்டல் சூப் மாதிரி கொழகொழன்னு இருக்காது, திக்னஸ் முழுக்க பாசிப்பருப்புல இருந்து வரும்.

4 பேருக்கு அளவு: பாசிப்பருப்பு 2 டேபிள்ஸ்பூன், தக்காளி 2, சின்ன வெங்காயம் 10, பூண்டு 6 பல், இஞ்சி ஒரு இன்ச், சௌசௌ பாதி, முருங்கைக்காய் 1, கேரட் 1, பீன்ஸ் 8, ஒரு கைப்பிடி முட்டைக்கோஸ், மிளகு ஒன்றரை டீஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன். மத்ததெல்லாம் வீட்லயே இருக்கும். கொத்தமல்லி தண்டை மட்டும் தூக்கி போட்டுடாதீங்க, வாசனையே அதுல தான்.

தக்காளி நாட்டு தக்காளியா பாத்து வாங்குங்க. பெங்களூர் தக்காளில கலர் வரும், புளிப்பு வராது. மழை சீசன்ல மதனப்பள்ளி, கோலார் பக்கம் இருந்து லோடு குறைஞ்சா கோயம்பேட்டுல ரேட் எகிறிடும், அப்போ 1 தக்காளியோட நிறுத்திட்டு எலுமிச்சை பிழிஞ்சுக்கலாம். ஆனா அடுப்பை அணைச்சப்புறம் தான், கொதிக்கும்போது பிழிஞ்சா கசந்துடும்.

பருப்பு, தக்காளி, வெங்காயம், சௌசௌ, இஞ்சி, பாதி பூண்டு, மஞ்சத்தூள், 3 கப் தண்ணி எல்லாம் குக்கர்ல போட்டு 3 விசில். முருங்கைக்காயை நறுக்கி சின்ன கிண்ணத்துல அதுக்குள்ளேயே வெச்சுடுங்க. வெந்ததும் பிளந்து ஸ்பூனால வழிச்சா சதையும் விதையும் வந்துடும், நார் பட்டை கைலயே நின்னுடும்.

அடுத்து அரைக்கிறது. இங்க அவசரப்படவே கூடாது. கொதிக்க கொதிக்க மிக்ஸில ஊத்தி சுத்தினா ஆவி வெளிய போக வழி இல்லாம மூடியை தூக்கி அடிக்கும், சூடான பருப்பு கை மேல, சுவர் மேல எல்லாம் தெறிக்கும். மூடியை கையால அழுத்தி பிடிச்சுக்கிட்டா போதும்னு நினைக்காதீங்க, சுடப்போறதே அந்த கை தான். முதல்ல வடிச்சு தண்ணியை தனியா எடுத்துடுங்க, வெந்த காயை மட்டும் ஒரு தட்டுல பரப்பி ஃபேன் கீழ வெச்சா 10, 15 நிமிஷத்துல ஆறிடும், அப்புறம் கொஞ்சம் பச்சத்தண்ணி விட்டு ஜார்ல பாதிக்கு மேல போகாம அரைச்சு அந்த வடிச்ச தண்ணியோடயே திரும்ப சேர்த்துடுங்க. என்னைக் கேட்டா பருப்பு கடையுற மத்தே பெஸ்ட், கொஞ்சம் திப்பி திப்பியா இருந்தா தான் சூப் குடிச்ச மாதிரி இருக்கு. ஹேண்ட் பிளெண்டர் இருந்தா பாத்திரத்துலயே அடிச்சுக்கோங்க, இதுக்குன்னு புதுசா வாங்காதீங்க.

இப்போ கடாயில ஒரு ஸ்பூன் நெய், கறிவேப்பிலை, மீதி பூண்டை தட்டிப் போட்டு பொடியா நறுக்கின கேரட் பீன்ஸை வதக்கி, 2 கப் தண்ணி, உப்பு போட்டு திறந்தே வேக விடுங்க, பல்லுல கடிபடணும். அரைச்ச விழுது, முருங்கை சதை எல்லாம் சேர்த்து ஒரு கொதி, முட்டைக்கோஸ் கடைசி 2 நிமிஷம் தான், அதிகம் வெந்தா ஒரு நாத்தம் வரும் பாருங்க, சூப் மொத்தமும் காலி.

மிளகுக்கு பாக்கெட் தூள் வேண்டவே வேண்டாம். மிளகு சீரகத்தை இடிகல்லுல ஒண்ணு ரெண்டா தட்டி, பாதியை கொதிக்கும்போது போடுங்க, பாதியை அடுப்பை அணைச்சதும் தூவி 3 நிமிஷம் மூடி வைங்க. எவ்ளோ கொதிச்சாலும் காரம் போகாது, வாசனை தான் ஆவியோட போயிடும். கிச்சன் முழுக்க மணக்குதுன்னு சந்தோஷப்படாதீங்க, அந்த அளவுக்கு டம்ளர்ல மணம் கம்மி. பார்க் வாசல்ல காலைல வாழைத்தண்டு சூப் விக்கிற தள்ளுவண்டிக்காரங்க டம்ளர்ல ஊத்தினப்புறம் மேல மிளகு தூவித் தர்றாங்களே, விஷயம் இல்லாம இல்ல.

அப்டேட்: கார்ன்ஃப்ளார் தான் பழக்கம்னு ரெண்டு மூணு பேர் கேட்டாங்க. போடலாம், 1 ஸ்பூன் மாவை கால் கப் பச்சத்தண்ணில கரைச்சு கிண்டிக்கிட்டே ஊத்துங்க. மாவா அப்படியே சூட்டுல கொட்டினா வெளிப்பக்கம் உடனே வெந்து உள்ள மாவாவே நின்னு கட்டி விழும், அப்புறம் என்ன கலக்கினாலும் கரையாது. வெங்காயம் பூண்டு சேர்க்காதவங்க இஞ்சியை கூட்டி ஒரு சிட்டிகை பெருங்காயம் போடுங்க. குழந்தைங்களுக்குன்னா மிளகு போடுறதுக்கு முன்னாடியே ஒரு கிண்ணம் எடுத்து வெச்சுடுங்க.

மீந்து ஃப்ரிட்ஜ்ல வெச்சா மறுநாள் பருப்பு இறுகி கூட்டு மாதிரி ஆயிடும், வெந்நீர் விட்டு தளர்த்திக்கலாம். நான் தளர்த்துறதே இல்ல, சுடு சாதத்துல போட்டு பிசைஞ்சு சுட்ட அப்பளத்தோட சாப்பிட்டுடுவேன்.