ஊரடங்கில் வீட்டுக்குள் ஒரு கொட்டகை

இராமநாதபுரம் கடற்கரைக்கு வீட்டோடு இருப்பது புதிய செய்தி அல்ல. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், விசைப்படகில் செல்பவர்கள் வலையைச் செப்பனிட்டுக்கொண்டும் வானொலி கேட்டுக்கொண்டும் நாளைக் கழிக்கப் பழகியவர்கள். (2020ஆம் ஆண்டு மட்டும் கொரோனா ஊரடங்கை முன்னிட்டுத் தடைக்காலம் 47 நாட்களாகக் குறைக்கப்பட்டு மே 31ஆம் தேதியோடு முடிந்தது.) ஆனால் தடைக்காலத்தில் தேநீர்க் கடையும் திருமண வீடும் திரையரங்கும் திறந்திருக்கும், தொற்றுக்காலத்தில் அவையும் அடைபட்டுவிட்டன. உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் உள்ள எங்கள் வீட்டில், முதல் சில வாரங்களில் ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு கைப்பேசி என்று அமர்ந்து, நண்பகலுக்குள் அன்றைய டேட்டாவைத் தீர்த்துவிட்டு, மாலையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கச் சலித்துக் கிடந்தோம். எங்களுக்குக் குறைவாக இருந்தது படமும் பாட்டும் அல்ல. அவற்றுக்கென்று குறித்த ஒரு வேளைதான். கீழே உள்ளவை, அந்த வேளையை உண்டாக்க நாங்கள் செய்து பார்த்தவை.

திரைப்படத்தை ஒரே மூச்சில் பார்க்காமல் இரண்டு மாலைகளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். பழைய டூரிங் டாக்கீஸ்களில் பெரும்பாலும் படம் காட்டும் கருவி ஒன்றே இருந்ததால், படச்சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும். மணல் தரையில் அமர்ந்திருந்தவர்கள் அதற்குள் முறுக்கு வாங்கி, கதாநாயகியின் கதி என்ன என்பது குறித்து ஒரு வழக்கே நடத்தி முடித்துவிடுவார்கள். தமிழ்ப் படங்களில் இடைவேளை என்று திரையிலேயே எழுதிக் காட்டுவது நமக்கு நல்ல வசதி: அந்த இடத்தில் தயங்காமல் நிறுத்திவிடுங்கள். மறுநாள் முழுவதும் வீட்டில் பேச்சுக்கு ஒரு பொருள் கிடைக்கும், மாலைக்கு ஒரு காத்திருப்பும் கிடைக்கும். படத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வயதில் மூத்தவரிடம் தொடங்கி முறை வைத்துக் கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு மறுப்புரிமை கிடையாது. இந்த விதியால் நான் மூன்று முறை துன்பப்பட்டேன் என்பது வேறு கதை.

நாள்தோறும் இவ்வளவு ஜிபி என்று அளந்து தரும் திட்டம் உங்களுடையதாக இருந்தால், நள்ளிரவுக்கு முன் மீந்திருப்பதைக் கொண்டு மறுநாள் படத்தைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம்; மாலை நேரத்து நெரிசலில் படம் நின்று நின்று ஓடும் தொல்லை இராது. பெரிய திரை இல்லாத வீட்டில், கைப்பேசியைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி வைத்து, ஒலி வெளிவரும் அடிப்பகுதி வாயகன்ற மண்சட்டிக்குள் இருக்குமாறு சாய்த்துப் பாருங்கள். பித்தளைச் சொம்பிலும் ஓசை பெருகும், ஆனால் வசனம் தகரத்தில் தட்டியதுபோல் ஒலிக்கும். மண்சட்டியில் குரல் கனிந்து வரும்.

பாட்டுக்கு வானொலியையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் அடுத்து வரப்போவது எது என்று தெரியாமல் கேட்பதில்தான் சுவை இருக்கிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான் என்பதால், நம் கரையில் இலங்கைத் தமிழ் எஃப்.எம். நிலையங்கள் அண்டை வீட்டுப் பேச்சுப்போலக் கேட்கின்றன. எஃப்.எம். கேட்பதற்கு ஏரியலை முழுவதும் இழுத்து நிமிர்த்தி, கருவியைக் கடல் பார்த்த சன்னலில் அல்லது மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வைக்க வேண்டும். கோடையில் காற்று அடங்கிய இரவுகளில், கடலை ஒட்டிக் குளிர்ந்த ஈரக்காற்றும் அதன் மேல் வறண்ட வெப்பக்காற்றும் அடுக்காக நிற்கும்போது, எஃப்.எம். அலைகள் அந்த அடுக்கில் வளைந்து வெகுதொலைவு வரும். அத்தகைய இரவில் வழக்கமாகக் கேட்காத நிலையங்களும் சிக்கும், முள்ளை மெல்ல நகர்த்திக்கொண்டே போங்கள். மத்திய அலைக்கு ஏரியலை இழுத்துப் பயனில்லை. அதற்கான ஏரியல், பெட்டிக்குள் படுத்திருக்கும் ஒரு கரிய கம்பி. ஆகவே பெட்டியையே மெதுவாகத் திருப்பி, ஓசை தெளியும் திசையில் நிறுத்த வேண்டும். இரைச்சல் குறையவில்லை என்றால் அருகில் உள்ள சார்ஜரையும் எல்.இ.டி. விளக்கையும் அணைத்துப் பாருங்கள்; பல சமயங்களில் குற்றவாளி அவைதாம்.

உப்புக்காற்று நம் ஊரில் எதையும் விடாது. பரணில் கிடந்த வானொலி பாடவில்லை என்றால், பேட்டரி அமரும் சுருள்கம்பியில் படிந்த பச்சையை உலர்ந்த துணியால் அல்லது பென்சில் அழிப்பானால் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிய பேட்டரி போட்டாலே பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

கை வேலையோடு கேட்கும் பாட்டுக்குக் கீழக்கரைத் தொதல் என்னும் இனிப்பைப்போல் பொருத்தமான துணை வேறில்லை. அரிசிமாவைத் தேங்காய்ப்பாலில் கட்டியின்றிக் கரைத்து, வடிகட்டிய கருப்பட்டிப் பாகு சேர்த்து, அடி கனத்த சட்டியில் மிதமான தீயில் மணிக்கணக்காகக் கிண்ட வேண்டும். கை நின்றால் அடி பிடிக்கும். கடைக்குப் போய் வாங்கி வரும் காலத்தில் இந்த உழைப்பை யாரும் மேற்கொள்வதில்லை, ஆனால் எல்லோரும் வீட்டில் இருக்கும்போது இரண்டு பாட்டுக்கு ஒருவர் என்று அகப்பையைக் கை மாற்றினால் அதுவே ஓர் ஆட்டமாகிவிடுகிறது. கலவை சட்டியில் ஒட்டாமல் உருண்டு வந்து, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நின்றால் பதம். அத்தனை பொறுமை இல்லாதவர்களுக்குக் கருப்பட்டிக் காப்பி இருக்கிறது. சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியே ஆனாலும் அதில் மணலும் தூசியும் இருக்கக்கூடும் என்பதால், தனியே நீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு வடிகட்டிக்கொள்ள வேண்டும். பால் சேர்ப்பதானால் கருப்பட்டி நீரோடு சேர்த்துக் கொதிக்கவிடாமல், இரண்டும் சற்று ஆறியபின் கலந்தால் திரியாது.

சிறுவர்களுக்கு ஒரு சங்கைக் கொடுங்கள். மன்னார் வளைகுடாக் கரையில் பழைய சங்கு ஒன்று இல்லாத வீடு குறைவு. காதில் வைத்தால் கேட்பது கடலா என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மின்விசிறி ஓடும் அறையிலும், அதை நிறுத்திய பின்னும், பாயும் தலையணையும் அடுக்கிய உள்ளறையிலும் மாற்றி மாற்றிக் கேட்டால், சுற்றியுள்ள ஓசையே சங்கின் உட்கூட்டில் மோதிப் பெருகுகிறது என்பதும், அமைதியான அறையில் அந்தக் கடல் அடங்கிவிடுகிறது என்பதும் அவர்களுக்கே விளங்கும். எங்கள் வீட்டுச் சிறுமி இதை ஏற்றுக்கொள்ளவில்லை. கடல் உறங்கப் போய்விட்டது என்றாள்.

இரவில் பாட்டுக்குப் பாட்டு ஆடலாம். இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீது நடத்திப் புகழ்பெற்ற நிகழ்ச்சியின் பெயர் அது. வீட்டில் ஆடுவதற்கு நாங்கள் வகுத்த விதி எளியது. ஒருவர் பல்லவியைப் பாடி முடித்ததும், அதன் கடைசி எழுத்தில் தொடங்கும் பாட்டை அடுத்தவர் பாட வேண்டும். தமிழ்ச் சொற்கள் பல மெய்யில் முடிவதால், ம் என்று முடிந்தால் ம முதல் மௌ வரை எதுவும் செல்லும். ன், ண் இரண்டும் சொல்லுக்கு முதலில் வாரா என்பதால் அவற்றுக்கு ந வரிசையும், ள், ழ் இரண்டுக்கும் ல வரிசையும் கொடுத்துவிடுங்கள். ல வரிசையில் பாட்டு கிடைப்பது அரிது. சண்டை மூள்வதும் அங்கேதான்.

தொற்று உறுதியாகி ஒருவர் தனியறையில் இருந்தால் அவரை இந்த ஆட்டத்திலிருந்து விலக்க வேண்டியதில்லை. கூடத்தில் உள்ளவர்கள் கைப்பேசியில் அவரை அழைத்து ஒலிபெருக்கியைத் திறந்து வைத்தால், அடைத்த கதவுக்கு அப்பாலிருந்தே அவர் முறை எடுக்கலாம். அறையின் வெளிச்சன்னல் திறந்தே இருக்கட்டும். பாடினால் மூச்சு வாங்கும் என்பதால் அவர் முதல் வரியைச் சொன்னாலே போதும், மீதியைக் கூடம் பாடிவிடும். ஆட்டம் தொடங்கும் முன், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரில் விரலை வைத்து ஆக்சிஜன் எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். அது 94க்குக் கீழே இறங்கியிருந்தால் அன்றைக்கு ஆட்டம் இல்லை, முதலில் மருத்துவரை அழைக்க வேண்டும்.