சான்றிதழ்க் கட்டோடு ஒரு கணக்கும் போகட்டும்

அமெரிக்காவின் பிலிப்ஸ் எக்ஸிடர் மாதிரியான உறைவிடப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைக்குக் கணக்கில் உண்மையான ஈடுபாடு இருந்தால், மதிப்பெண்களோடு பிள்ளையே கைப்பட எழுதிய ஒரே ஒரு கணக்கின் முழுத் தீர்வையும் இரண்டு பக்கத்தில் இணையுங்கள். தப்பாகப் போன வழியும் அதில் இருக்கட்டும். பரிந்துரை எழுதும் கணக்கு ஆசிரியரிடமும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

நல்ல மதிப்பெண் அங்கே வரும் எல்லோரிடமும் இருக்கும். யோசிக்கும் விதம்தான் ஆளுக்கு ஆள் மாறும். எக்ஸிடரில் பன்னிரண்டு பேர் போல ஒரு நீள்வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தங்கள் தீர்வைப் பலகையில் எழுதி விவாதிக்கிறார்கள். அதற்கு ஏற்ற பிள்ளையா என்பதை இந்த இரண்டு பக்கம் காட்டிவிடும்.

கணக்கு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. சதுரங்கப் பலகையில் எத்தனை சதுரங்கள்? முதலில் 64 என்று எழுதி அடித்து, பெரிய சதுரங்களையும் எண்ணி 204-க்கு வந்து, "சரி, செவ்வகங்கள்?" என்று தானே கேட்டு 1296-ஐப் பிடிக்கும் பிள்ளையை யாருக்குத்தான் பிடிக்காது! தயவுசெய்து டியூஷன் ஆசிரியரை வைத்து மெருகேற்றாதீர்கள். நேர்முகத்தில் அதையே கேட்டால் பிள்ளைதான் திணறும்.

மத்திய அரசின் நவோதயா உறைவிடப் பள்ளிகள் போல நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணை வைத்தே எடுக்கும் பள்ளிகளுக்கு இது உதவாது. கூடுதல் தாள் அனுப்ப வேண்டாம் என்று சொல்லும் பள்ளிக்கும் அனுப்பாதீர்கள்; அங்கே ஆசிரியரின் பரிந்துரையில் இடம்பெற்றால் போதும்.