கோலாலம்பூரில் அரிசி, பருப்புக்கு வழியில்லையா? முதலில் 15999-க்கு அழையுங்கள்

வீட்டில் சமைக்க ஒன்றுமில்லை என்றால் அரசின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசே 15999-க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள். "உதவி வேண்டும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். முழு முகவரி, வீட்டில் எத்தனை பேர், கைக்குழந்தையோ நோயாளியோ உண்டா, உணவு எத்தனை நாளுக்கு வரும் என்று சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்; அது கையில் இருந்தால் மறுபடி அழைக்கும்போது கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.

அன்றைய பசிக்கு சீக்கியர் கோயிலான குருத்துவாரா போகலாம். எந்த மதத்தவருக்கும் இலவச உணவு உண்டு. தலையை மூடி, காலணியைக் கழற்றினால் போதும். வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. மாத மளிகைக்கு கெச்சாரா தொண்டு அமைப்பின் உணவு வங்கியில் விண்ணப்பியுங்கள். குடும்ப நிலையை விசாரித்த பிறகே பொருள் தருவார்கள்.

நீண்டகால உதவிக்கு சமூகநல இலாகாவிலும் ஏழைக் குடும்பங்களுக்கான அரசின் இ-காசே பதிவிலும் விண்ணப்பியுங்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வாடகை, மின்கட்டண ரசீது எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வையுங்கள். பலருக்கு இழுத்தடிப்பது முகவரிதான்: அட்டையில் ஓரிடம், குடியிருப்பது வேறிடம் என்றால் விசாரணை அதிகாரி தவறான வீட்டுக்குப் போகக்கூடும். தேசியப் பதிவிலாகாவில் முகவரியை முதலில் மாற்றிவிடுங்கள்.