எந்த பிரவுசர் நல்லது? உங்கள் கணினியிலேயே சோதித்துப் பார்க்கும் முறை

"எந்த பிரவுசர் நல்லது?" என்று யாராவது கேட்டால், "எதற்கு நல்லது?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். வேகம், பாதுகாப்பு, தனியுரிமை மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் மூன்றும் வேறு வேறு. பாதுகாப்பு என்பது திருடன் உள்ளே வராமல் தடுப்பது. தனியுரிமை என்பது நீங்கள் எங்கே போகிறீர்கள், எதைப் படிக்கிறீர்கள் என்று யாரும் குறிப்பெடுக்காமல் பார்த்துக்கொள்வது. முதலாவதில் கெட்டிக்காரனாக இருக்கும் பிரவுசர் இரண்டாவதில் கோட்டை விடலாம்.

அதனால் இங்கே தரவரிசை எதுவும் தரப்போவதில்லை. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் கணினியில், நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் தளங்களை வைத்து நீங்களே சோதிக்கலாம்.

படி 1: சோதனைக்கு எடுக்க வேண்டிய பிரவுசர்கள்

பிரவுசர்கள் எத்தனை இருந்தாலும், நாம் அன்றாடம் பயன்படுத்துபவற்றின் உள்ளே ஓடும் என்ஜின், அதாவது தளத்தின் நிரலைத் திரையில் பக்கமாக மாற்றிக் காட்டும் மென்பொருள், மூன்றுதான். குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி ஐந்துக்கும் பிளிங்க். ஃபயர்ஃபாக்ஸுக்கு கெக்கோ. சஃபாரிக்கு வெப்கிட். மைக்ரோசாஃப்ட் தன் சொந்த என்ஜினைக் கைவிட்டு, 2020 ஜனவரியில் குரோமியம் (குரோமுக்கும் அடித்தளமாக இருக்கும், பிளிங்க் என்ஜின் கொண்ட திறந்த நிரல்) அடிப்படையிலான எட்ஜை வெளியிட்டது. ஆகவே குரோம் வேகமா, எட்ஜ் வேகமா என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பெரிய பலன் இல்லை.

மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: இப்போது பயன்படுத்துவது ஒன்று, ஃபயர்ஃபாக்ஸ், பிரேவ். மேக் வைத்திருப்பவர்கள் சஃபாரியையும் சேர்க்கலாம். ஐஃபோனில் மட்டும் கதை வேறு. ஐரோப்பிய ஒன்றியம் போன்ற சில இடங்களைத் தவிர, அங்கே எல்லா பிரவுசரும் வெப்கிட்டில்தான் ஓட வேண்டும் என்பது ஆப்பிளின் விதி. பெயர் மாறினாலும் என்ஜின் மாறாது.

நிறுவும்போது ஒரு கவனம்: தேடல் முடிவில் முதலில் வரும் விளம்பர இணைப்பைச் சொடுக்காதீர்கள். போலிப் பதிவிறக்கங்கள் அந்த வழியாக வருவதுண்டு. முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குப் போங்கள்.

படி 2: பாதுகாப்பைப் பாருங்கள்

மெனுவில் ஹெல்ப், அதற்குள் அபௌட். அங்கே பதிப்பு எண் தெரியும். அந்தப் பக்கத்தைத் திறந்தாலே குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் புதிய பதிப்பு இருக்கிறதா என்று தேட ஆரம்பித்துவிடும். பல ஆண்டுகளாக இரண்டும் ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒரு பெரிய பதிப்பை வெளியிட்டு வந்திருக்கின்றன. நடுவில் ஓட்டைகளை அடைக்கும் சிறு அப்டேட்களும் வரும்.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். அப்டேட் தானாக இறங்கிவிடும், ஆனால் பிரவுசரை மூடித் திறந்தால்தான் அது நடைமுறைக்கு வரும். நாற்பது டேப்களைத் திறந்து வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் மூடாமலே இருப்பவரின் கணினியில், ஓட்டை அடைபடாமல் அப்படியே கிடக்கும். எந்த பிரவுசரைத் தேர்ந்தெடுத்தாலும் இதில் அலட்சியம் கூடாது.

அடுத்து, தளங்களைப் பிரித்து வைக்கும் வசதி. 2018-ல் ஸ்பெக்டர் என்ற குறைபாடு, கணினியின் மூளையான புராசஸர் சிப்பில் இருப்பது, வெளியே தெரியவந்தது. ஒரு தளத்தின் நிரல், அதே புராசஸில் (கணினி தனியாகப் பிரித்து ஓட்டும் ஒரு வேலைப் பகுதி) இருக்கும் இன்னொரு தளத்தின் தகவலை எட்டிப் பார்க்க முடியும் என்ற நிலை. அந்த ஆண்டே கணினிக்கான குரோம், ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி புராசஸில் வைக்கத் தொடங்கியது. ஃபயர்ஃபாக்ஸ் 2021-ல் 94-ஆம் பதிப்பிலிருந்து இதைக் கொண்டுவந்தது. "குரோம் ராமைத் தின்கிறது" என்று புலம்புகிறோமே, அந்த ராமில் (கணினியின் தற்காலிக நினைவகத்தில்) ஒரு பங்கு இந்தப் பாதுகாப்புக்கான விலை.

கடைசியாக எக்ஸ்டென்ஷன்கள், அதாவது கூடுதல் வசதிக்காக பிரவுசரில் நாம் சேர்க்கும் சிறு நிரல்கள். பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். "எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்" அனுமதி பெற்ற எக்ஸ்டென்ஷன், நீங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கும்போதும் உடன் இருக்கிறது. கோப்பு மாற்றித் தரும் ஒன்றை ஒருமுறை அவசரத்துக்கு நிறுவினேன். சில மாதங்கள் கழித்து என் தேடல் பக்கமே வேறொன்றாக மாறியிருந்தது. அன்றிலிருந்து, பயன்படுத்தாத எக்ஸ்டென்ஷனை ஒரு நாள்கூட விட்டுவைப்பதில்லை.

படி 3: தனியுரிமையைச் சோதியுங்கள்

நீங்கள் ஒரு செய்தித் தளத்தைத் திறக்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் விளம்பரம் போடும் வேறொரு நிறுவனமும் உங்கள் பிரவுசரில் ஒரு குக்கியை, அதாவது அடையாளம் வைத்துக்கொள்ளும் சிறு குறிப்பை, வைக்கிறது. அதே நிறுவனத்தின் விளம்பரம் அடுத்து நீங்கள் போகும் தளத்திலும் இருந்தால், அந்தக் குக்கி "இவர்தான் அவர்" என்று அடையாளம் காட்டிவிடும். இதுதான் மூன்றாம் தரப்பு குக்கி.

இதைக் கையாள்வதில்தான் பிரவுசர்களின் குணம் தெரியும். சஃபாரி 2020 மார்ச்சில் இவற்றை முழுவதுமாகத் தடுத்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2022-ல், ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனித்தனி டப்பாவில் போட்டு மூடும் முறையை எல்லோருக்கும் இயல்பாக்கியது. பிரேவ் இயல்பாகவே தடுக்கிறது. குரோமில் இவற்றை நீக்கப்போவதாக கூகுள் 2020-ல் அறிவித்தது; பலமுறை தள்ளிப்போட்டு, 2024-ல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. எனவே குரோம் பயன்படுத்துபவர் தானே செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் போய், தேர்ட் பார்ட்டி குக்கீஸைத் தடுக்க வேண்டும். அரை நிமிட வேலை, இப்போதே செய்துவிடுங்கள்.

காரணம் புரிய வேண்டுமானால் வருமானத்தைப் பாருங்கள். கூகுளின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருகிறது. ஆனால் ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவுக்கும், கூகுளை இயல்பான தேடுபொறியாக வைப்பதற்காகக் கூகுள் தரும் பணம்தான் பெரிய வருமானம். பிரேவும் தனக்கென ஒரு விளம்பர அமைப்பை நடத்துகிறது. அதனால் எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாமல் சோதித்துப் பாருங்கள்.

இணைய உரிமைகளுக்காக இயங்கும் எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் 'கவர் யுவர் டிராக்ஸ்' என்ற இலவசச் சோதனைப் பக்கத்தை மூன்று பிரவுசரிலும் திறந்து, சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். டிராக்கர்கள் (உங்களைத் தளம் தளமாகப் பின்தொடரும் நிரல்கள்) தடுக்கப்படுகின்றனவா என்றும், உங்கள் பிரவுசரின் கைரேகை எவ்வளவு தனித்துத் தெரிகிறது என்றும் அது சொல்லும். திரையின் அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம், வரைகலை அட்டை இவற்றையெல்லாம் சேர்த்தால், குக்கியே இல்லாமல் ஆளை அடையாளம் காணலாம். பிரேவ் இந்த விவரங்களில் சிலவற்றைக் கலைத்துக் கலைத்துக் கொடுக்கிறது. அடையாளத்தை மறைத்து உலவுவதற்கென்றே உருவான டார் பிரவுசர் நேர் எதிர் வழி: எல்லாப் பயனாளர்களையும் ஒரே மாதிரி காட்ட முயல்கிறது. அதனால்தான் டாரில் கூடுதல் எக்ஸ்டென்ஷன் போடாதே என்கிறார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நிற்க வேண்டிய இடத்தில் நீங்கள் மட்டும் தனித்துத் தெரிவீர்கள்.

இன்காக்னிட்டோ என்ற தனி உலாவல் சாளரம்? உங்கள் கணினியில் வரலாறு தங்காது, அவ்வளவுதான். தளங்களும் இணையச் சேவை நிறுவனமும் அலுவலக நெட்வொர்க்கும் வழக்கம்போல் பார்க்கும்.

படி 4: வேகத்தை அளந்து பாருங்கள்

'ஸ்பீடோமீட்டர் 3' என்ற சோதனை 2024 மார்ச்சில் வந்தது. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா ஆகிய போட்டியாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து உருவாக்கியது என்பதால் இதற்குத் தனி மதிப்பு. மற்ற செயலிகளை மூடுங்கள், லேப்டாப்பானால் சார்ஜரைச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் இல்லாத புதிய ப்ரொஃபைலில் (பிரவுசருக்குள் தனியாகத் தொடங்கும் புதிய பயனர் கணக்கில்) மூன்று முறை ஓட்டுங்கள். நடுவில் நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எண் கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் தினமும் பார்க்கும் ஐந்து தளங்களை விளம்பரத் தடுப்பான் இல்லாமல் ஒருமுறை, அதோடு ஒருமுறை திறந்து பாருங்கள். விளம்பரம் நிறைந்த தளங்களில், என்ஜினை மாற்றுவதைவிட விளம்பரத்தைத் தடுப்பதே அதிக வேகம் தரும். யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பானின் முழு வடிவம் ஃபயர்ஃபாக்ஸில் ஓடுகிறது. குரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றிய பிறகு, அங்கே அதன் லைட் வடிவம்தான் கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸிலும் இதை நிறுவலாம். ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் வசதியே இல்லை.

ராமை ஒப்பிட, ஒரே பத்து டேப்களைத் திறந்து ஐந்து நிமிடம் விட்டுவிட்டு டாஸ்க் மேனேஜரில் மொத்தத்தைப் பாருங்கள்.

படி 5: தேர்ந்தெடுத்து, மாறுங்கள்

ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நான் படிப்பதற்கும் தேடுவதற்கும் ஃபயர்ஃபாக்ஸும் யூபிளாக் ஆரிஜினும் வைத்திருக்கிறேன். பணம் தொடர்பான வேலைகளுக்கு, ஒரு எக்ஸ்டென்ஷன்கூட இல்லாத குரோமியம் பிரவுசர் ஒன்று. இந்தப் பிரிவினைதான் எனக்கு நிம்மதி தந்தது.

மாறும்போது புதிய பிரவுசரின் இம்போர்ட் வசதி புக்மார்க்குகளையும் பெரும்பாலும் கடவுச்சொற்களையும் தானே கொண்டுவந்துவிடும். கடவுச்சொற்களைக் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்துதான் மாற்ற முடியும் என்றால், அந்தக் கோப்பில் எல்லாமே வெறும் எழுத்தாக, யார் திறந்தாலும் படிக்கும்படி இருக்கும். வேலை முடிந்த கையோடு அதை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிடுங்கள்.