குழுக் கணக்கைச் சீராக்கக் கல்லூரி மாணவர்களை அழைப்பது எப்படி?

கடலூர் முதுநகரில் எங்கள் மகளிர் குழுவின் கணக்கை, நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிட்டோம். நீங்களும் செய்யலாம்.

1. கூட்டத்தில் தீர்மானம் போட்டு, அதன் நகலோடு கல்லூரியின் திட்ட அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். தயங்க வேண்டாம், தொண்டர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்தாக வேண்டும். பல்கலைக்கழகத்திலேயே கேட்பதானால் நம் மாவட்டத்துக்குச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், புதுச்சேரிக்காரர்களுக்குக் காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம். வணிகவியல் மாணவர்களாகக் கேட்டு வாங்குங்கள்.

2. தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்பு–கடன் பேரேடு, வவுச்சர் எல்லாவற்றையும் கூட்டம் நடக்கும் இடத்திலேயே பார்க்கட்டும். அசல் நோட்டு வெளியே போகவே கூடாது. ஆதார் நகலும் வேண்டாம்.

3. எங்களுக்குச் சிக்கல் வந்தது அசல்–வட்டியில்தான். ஓர் அக்கா 5,000 ரூபாய் கடன் வாங்கியிருக்கிறார், மாத வட்டி 2 சதவீதம் என்று வையுங்கள். 600 ரூபாய் கட்டினால் 100 வட்டி, 500 அசல்; மீதி 4,500. அடுத்த மாத வட்டி 90தான். 600 முழுவதையும் அசலில் எழுதிவிட்டால் மீதி 4,400 என்று காட்டும். கையிருப்பு மட்டும் சரியாகவே இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆகவே ரொக்கத்தை எண்ணிப் பார்த்ததோடு விடாதீர்கள். ஒவ்வொருவர் பாஸ்புக்கையும் பேரேட்டோடு வரி வரியாக ஒப்பிடச் சொல்லுங்கள். ரசீதிலும் அசல், வட்டி என இரண்டு கட்டம் போடுங்கள்.

4. பேனா நம் உறுப்பினர் கையில்தான் இருக்க வேண்டும். மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரட்டும், திருத்தம் இருந்தால் பென்சிலில் குறிக்கட்டும். அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டால் நமக்கு எப்போது பழகும்?

கூகுள் ஷீட் நல்லதுதான், ஆனால் கூட்டத்தில் நடுவில் வைத்து எல்லோரும் பார்க்க நீள நோட்டுதான் என் விருப்பம். தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த ஊர் இது. கூட்டம் முடிந்ததும் அன்றைய பக்கத்தைப் படமெடுத்து, இரண்டு பேர் போனிலாவது வையுங்கள்.

பின்சேர்க்கை: செமஸ்டர் தேர்வு வந்தால் மாணவர்கள் வருவதில்லையே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். முதலாண்டில் ஒருவர், இரண்டாமாண்டில் ஒருவர் எனக் கேளுங்கள். மூத்தவர் விடைபெறும்போது இளையவருக்கு நோட்டு பழகியிருக்கும். தேர்வு மாதங்களைக் கடிதத்திலேயே விலக்கிவிடுங்கள்.