கார்ட்டூனிஸ்ட் நாடகத்துக்கு போஸ்டர் போடும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நம்ம குழுவிலேயே கார்ட்டூன் போடுகிறவர் இருக்கிறாரே, போஸ்டரை அவரே பார்த்துக்கொள்ளட்டும்." எந்த அமெச்சூர் நாடகக் குழுவிலும் இந்தப் பேச்சு ஒருநாள் வந்தே தீரும். சொன்னவருக்கு ஒரு பாரம் இறங்கும். கார்ட்டூனிஸ்ட்டும் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார். கோடு அவருக்குக் கைவந்த கலை, ஆளைப் பார்த்ததும் சாயலைப் பிடித்துவிடுவார், நையாண்டியும் கூடவே வரும். சிக்கலும் அங்கேதான் ஆரம்பம். பத்திரிகைக் கார்ட்டூனுக்காக அவர் பழகிவைத்திருக்கும் உத்திகளில் பாதி, போஸ்டரில் அவர் காலையே வாரிவிடும்.

கார்ட்டூன் தனக்குள்ளேயே முடிந்துவிடுகிற சமாச்சாரம். படம், வசனம், சிரிப்பு. வாசகர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். போஸ்டர் அப்படி முடியக்கூடாது. பார்த்தவர் மீதியைத் தெரிந்துகொள்ள அரங்கத்துக்கு வர வேண்டும். இந்த வித்தியாசத்தை மறப்பதால்தான் ஒத்திகையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்த காட்சி நேராக போஸ்டருக்கு வந்துவிடுகிறது. கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருப்பது யார் என்ற கேள்வியில்தான் நாடகத்தின் பின்பாதி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். போஸ்டரில் கட்டிலும், அடியிலிருந்து எட்டிப்பார்க்கும் ஒரு செருப்பும் போதும். முகத்தையும் வரைந்துவிட்டால் கதை தெருவிலேயே முடிந்துவிட்டது. வரைந்தவருக்கு அந்த முகம்தான் படத்திலேயே நன்றாக வந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

இன்னொன்று, கார்ட்டூன் பாணியே ஒரு வாக்குறுதி. பெரிய மூக்கும் உருண்டைக் கண்ணும் பார்த்தவுடன் ஜனங்கள் இது சிரிப்பு நாடகம் என்று முடிவுகட்டுவார்கள். பாதிப் பேர் குழந்தைகளுக்கானது என்றே நினைப்பார்கள். மேடையிலோ பிரிந்துபோன குடும்பத்தின் சொத்துத் தகராறு. முன்வரிசையில் ஆறு வயதுப் பிள்ளைகள் நெளிந்துகொண்டிருக்கும். கனமான நாடகத்துக்கு கார்ட்டூன் கோடே உதவாது என்று நான் சொல்லவில்லை. கோட்டின் குணத்தை மாற்றினால் உதவும். உருவத்தைச் சிறிதாக்கி, வெற்றிடத்தைப் பெரிதாக்கி, சிரிக்கும் வளைவுகளைக் குறைத்தாலே படத்தின் தொனி மாறிவிடும்.

முகச்சாயல் என்னும் ஆசை

இருப்பதிலேயே பெரிய தவறு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்: நடிகர்களின் கேலிச்சித்திரத்தை போஸ்டரில் போடுவது.

இதற்கு எல்லோரும் காட்டுகிற முன்னுதாரணம் அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் அல் ஹிர்ஷ்ஃபெல்ட். 1903 முதல் 2003 வரை வாழ்ந்தவர். நியூயார்க் டைம்ஸின் நாடகப் பக்கங்களில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் பிராட்வே (நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் உள்ள பகுதி) நடிகர்களை வரைந்தார். 2003இல் ஒரு பிராட்வே அரங்கத்துக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். அவர் செய்ததை நாமும் செய்தால் என்ன என்ற கேள்வி நியாயம்தான். ஆனால் அவர் வரைந்தது ஏற்கெனவே ஊருக்கே தெரிந்த முகங்களை. வாசகர் மனதில் அசல் முகம் இருந்ததால்தான் அவருடைய ஒற்றை வளைகோடு வேலை செய்தது. அமெச்சூர் குழுவின் கதாநாயகன் பகலில் கணக்கெழுதுகிறவர். போஸ்டரைக் கடந்துபோகிறவருக்கு அவர் யாரோ எவரோ. சாயல் எவ்வளவு அச்சாக வந்திருந்தாலும் அதை ரசிக்கப்போவது குழுவில் உள்ளவர்களும் அவர்கள் வீட்டாரும்தான். அவர்கள் எப்படியும் வருவார்கள்.

மனத்தாங்கல் வேறு. தொழில்முறை நட்சத்திரத்துக்குத் தன் தாடையைப் பெரிதாக வரைவது பெருமை. ஆசைக்கு நடிக்க வந்தவர் அதே தாடையை மூன்று வாரம் ஊர்ச் சுவர்களில் பார்க்க வேண்டும். "சும்மா ஜாலிக்கு" என்று நாம் சொல்வோம், அவரும் சிரிப்பார். அடுத்த நாடகத்துக்குக் கூப்பிடும்போது அவருக்கு "நேரம் இல்லை". குழந்தை நடிகர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அடையாளம் தெரியும்படி வரைவதற்கு முன் பெற்றோரிடம் கேட்டாக வேண்டும்.

இதெல்லாம் போக, நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. போஸ்டர் அச்சுக்குப் போவது நாடகத்துக்குப் பல வாரம் முன்பு. அதற்கும் மேடையேற்றத்துக்கும் நடுவில் ஆள் மாறுவது இந்தக் குழுக்களில் சர்வசாதாரணம். மாறினால் போஸ்டரில் இருக்கும் ஆள் மேடையில் இருக்கமாட்டார்.

எனவே நடிகரை விட்டுவிட்டுப் பாத்திரத்தை வரைவதே உத்தமம். ஒத்திகைக்குப் போய் உட்கார்ந்து உடல்மொழியைக் குறித்துக்கொள்ளுங்கள்: கூனல், நடை, குடையைப் பிடிக்கும் விதம். முகச்சாயல் கேலிச்சித்திரங்களை வீணாக்கவும் வேண்டாம். அரங்க வாசலில் கண்காட்சியாக வைக்கலாம், நிகழ்ச்சிக் கையேட்டில் போடலாம். அங்கே பார்வையாளர் இடைவேளையில் படத்தையும் ஆளையும் ஒப்பிட்டு மகிழ்வார். அதற்கும் வரையப்பட்டவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

ஹிர்ஷ்ஃபெல்ட்டிடம் கற்றுக்கொள்ள வேறொன்று இருக்கிறது. 1945இல் மகள் பிறந்ததிலிருந்து தலைமுடியிலும் உடை மடிப்பிலும் 'நினா' என்ற அவள் பெயரை ஒளித்துவைத்தார். ஒன்றுக்கு மேல் இருந்தால் கையெழுத்துக்குப் பக்கத்தில் எத்தனை என்று எண்ணையும் போட்டார். தேடாதவருக்குப் படம் முழுமையாகவே இருந்தது. நாடகக் குழுவின் உள்வட்ட ஜோக்குகளை போஸ்டரில் நுழைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். பின்னணியில் நிற்கும் அந்த ஆடு ஏன் என்று வெளியாள் யோசிக்க ஆரம்பித்தால், தேதியைப் படிக்காமலே போய்விடுவார்.

எழுத்துக்கு மிச்ச இடம்

தாள் முழுக்கப் படத்தை வரைந்து முடித்துவிட்டு, "இனி எழுத்தை எங்கே வைப்பது?" என்று தேடுவது கார்ட்டூனிஸ்ட்டுகளின் பிறவிக்குணம். பத்திரிகையில் எழுத்தை வேறு யாரோ கோப்பார்கள். போஸ்டரில் எழுத்துதான் வீட்டுக்காரர், படம் குடித்தனம் இருக்கிறது. A3 தாள் 297 × 420 மி.மீ. அதில் எழுத்துக்கான பகுதியை முதல் பென்சில் கோட்டிலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

1891இல் பிரெஞ்சு ஓவியர் துலூஸ்-லோத்ரெக் பாரிஸின் நடன அரங்கமான மூலான் ரூஜுக்குப் போட்ட போஸ்டரைப் பாருங்கள். மேலே அந்த இடத்தின் பெயர் மூன்று முறை அடுக்கடுக்காக. பின்னால் கூட்டம் வெறும் கறுப்பு நிழல். முன்னால் சாம்பல் நிறத்தில் நீண்ட மூக்குடன் ஓர் ஆண். நடுவில் ஆடும் பெண்ணின் வெள்ளைப் பாவாடை. நிறங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், எல்லாம் தட்டை. கேலிக்கோடு கைவந்தவர், ஆனாலும் கூட்டத்தில் ஒரு முகத்தைக்கூட விரிவாக வரையவில்லை. அந்த அடக்கம்தான் இருபதடி தள்ளி நிற்பவரையும் பிடிக்கிறது.

தூரத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. மூன்று மீட்டரிலிருந்து சிரமமில்லாமல் படிக்க எழுத்து ஏறக்குறைய 2.5 செ.மீ. உயரம் வேண்டும். தெருவுக்கு எதிர்ப்பக்கம் பத்து மீட்டர் என்றால் 8 செ.மீ. தலைப்பு இந்தக் கணக்கில் தேற வேண்டும். நாள், நேரம், இடம் மூன்றும் அருகில் வந்தவருக்காவது பளிச்சென்று தெரிய வேண்டும்.

தமிழில் கையெழுத்துத் தலைப்பு எழுதும்போது தனி ஜாக்கிரதை. புள்ளியைக் கண்ணாகவோ நட்சத்திரமாகவோ மாற்றிவிட்டால் மெய்யெழுத்து மெய்யாகவே காணாமல் போகும். ர-வும் துணைக்காலும் ஒரே மாதிரி வந்தால் வாசிப்பவர் தடுமாறுவார். மேலே 'கி'யின் வளைவு, கீழே 'கு'வின் சுழி என்று தமிழ் எழுத்து இரண்டு பக்கமும் நீள்வதால் வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட வேண்டும். கணினியில் கோக்கும்போது மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பு இயங்காமலிருந்தால் ஒற்றைக்கொம்பு இடம்மாறி நிற்கும். அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்துகளை வெறும் கோட்டு வடிவமாக (outline) மாற்றிவிட்டால் எழுத்துரு இல்லாத கணினியிலும் உடையாது.

நாளும் கிழமையும் ஒத்துப்போகிறதா என்று நாட்காட்டியை வைத்துப் பார்ப்பது சிறு வேலை. அதைத் தவறவிட்ட போஸ்டர்கள் எண்ணிலடங்கா. இதைச் செய்ய வேண்டியவர் வரைந்தவர் அல்லாத ஒருவர். வரைந்தவர் கண்ணுக்குத் தன் படம் மட்டுமே தெரியும்.

உரிமம் பெற்று நடிக்கும் நாடகமாக இருந்தால் ஒப்பந்தத்தைப் படிக்காமல் பென்சிலை எடுக்கவே கூடாது. நாடகாசிரியர் பெயர் கட்டாயம் வர வேண்டும், தலைப்பின் அளவில் இத்தனை பங்கு இருக்க வேண்டும் என்றெல்லாம் பல ஒப்பந்தங்களில் விதி இருக்கும். அனுமதி கைக்கு வருவதற்கு முன் விளம்பரம் செய்யவே தடை இருப்பதும் உண்டு. பிரபலத் தயாரிப்பின் சின்னத்தைப் பார்த்து வரைவது அதைவிட ஆபத்து. அதற்கு உரிமை தனி.

அச்சுக்கும் திரைக்கும்

திரையில் மின்னும் நீலமும் பச்சையும் நான்கு மை (CMYK) அச்சில் மங்கிவிடும். அதனால் நிறங்களை ஆரம்பத்திலேயே அந்த அச்சு வகைக்கு மாற்றி, ஒரு மாதிரித் தாள் அச்சிட்டுப் பாருங்கள். வண்ணப் படம் அசல் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி. A3-க்கு அது 3508 × 4961 பிக்சல். வெறும் கறுப்புக் கோட்டை ஸ்கேன் செய்வதானால் 600-க்குக் குறையக்கூடாது. ஓரம் வரை நிறம் போகும் படத்துக்கு நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதல் விடுங்கள். பொடி எழுத்து தனிக் கறுப்பு மையில் மட்டுமே இருக்கட்டும். நான்கு மையும் சேர்ந்தால் மயிரிழை விலகலிலேயே கலங்கித் தெரியும்.

இப்போது பலர் போஸ்டரை முதலில் பார்ப்பது கைபேசியில், உள்ளங்கைக்குள். நெருக்கமாகப் போட்ட குறுக்குக்கோட்டு நிழல் அந்த அளவில் அடைந்துபோய் அழுக்காகத் தெரியும். நெடுக்குப் படத்தைச் சதுரமாக வெட்டினால் தலையோ தேதியோ போய்விடும். வெட்டாமல் அதே உருவங்களைச் சதுரத்துக்கு ஏற்றபடி புதிதாக அடுக்குவதே சரி. கியூஆர் கட்டத்தைப் படத்தின்மேல் ஒட்டுவதும் அதன் வெள்ளை விளிம்பை அலங்கரிப்பதும் வேண்டாம். ஒரு மீட்டர் தள்ளி நின்று ஸ்கேன் செய்ய அது பத்து செ.மீ. அளவாவது இருக்க வேண்டும்.

போஸ்டரோடு நிற்காது

நன்றாக வரைகிறார் என்று தெரிந்ததும் பின்திரையையும் அவர் தலையில் கட்டுவார்கள். ஏற்கலாம். ஆனால் போஸ்டரை அப்படியே பெரிதாக்கினால் பின்திரை ஆகாது. சாதாரணப் பார்வைக்கு பத்து மீட்டரில் சுமார் 3 மி.மீ.க்குக் குறைவான இடைவெளியுள்ள இரண்டு கோடுகள் தனித்தனியாகத் தெரியாது. ஒரே சாம்பல் பூச்சாகிவிடும். சிவப்பு விளக்கில் வெள்ளைத் திரையின் சிவப்புக் கோடுகள் மறைந்துவிடும், நீல விளக்கில் அதே கோடுகள் கறுத்துவிடும். ஆகவே விளக்குப் பொறுப்பாளருடன் பேசாமல் நிறம் கலக்கக் கூடாது. இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வருவதுபோல் திரையில் நிழல் தீட்டிவிட்டு, விளக்கை வலப்பக்கம் வைத்தால் கண்ணை உறுத்தும்.

இதில் அமெரிக்க ஓவியர் எட்வர்ட் கோரியைப் பார்க்கலாம். கறுப்பு மையில் பொடிக்கோடு போட்டுப் பெயர் பெற்றவர். 1977இல் பிராட்வேயில் 'டிராகுலா' நாடகத்துக்குக் காட்சியமைப்பும் உடையும் வடிவமைத்தார். அடுத்த ஆண்டு உடையமைப்புக்கு பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது கிடைத்தது. அவருடைய கோட்டு நிழல்கள் மேடை அளவுக்குப் பெரிதாக்கப்பட்டன. எல்லாம் கறுப்பும் வெள்ளையும், ஒவ்வொரு காட்சியிலும் ஓரிடத்தில் மட்டும் சிவப்பு. கண் எங்கே போக வேண்டும் என்பதை அந்தச் சிவப்பே தீர்மானித்தது. பிற்காலத்தில் அவர் அமெரிக்காவின் கேப் காட் பகுதியில் உள்ளூர் ஆட்களையும் பொம்மைகளையும் வைத்துச் சின்னச் சின்ன நாடகங்கள் போட்டார் என்பது அமெச்சூர் குழுக்களுக்குத் தெம்பு தரும் செய்தி.

கடைசியாக, குழுக்கூட்டத்தில் போஸ்டரை வாக்கெடுப்புக்கு விடாதீர்கள். பத்துப் பேர் பத்து மூலையைத் திருத்தினால் படம் உருப்படாது. இயக்குநரோ வேறு ஒருவரோ ஒரே ஆள் ஒப்புதல் தர வேண்டும். வரைவு நிலையில் ஒருமுறை, அச்சுக்கு முன் ஒருமுறை. முடித்த ஓவியத்தை "கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினால் என்ன" என்று கேட்பது வரைகிறவரின் பொறுமையைச் சோதிப்பது. சம்பளம் இல்லாத வேலை என்றால் இது இன்னும் முக்கியம். அசல் ஓவியம் யாரிடம் இருக்கும், அதை டி-ஷர்ட்டிலோ அடுத்த ஆண்டு மறுமேடையேற்றத்திலோ பயன்படுத்தலாமா, போஸ்டரில் ஓவியர் பெயர் எங்கே வரும் என்பதை நாலு வரியில் எழுதி இரு தரப்பும் வைத்துக்கொள்ளுங்கள், முதல் வரைவுக்கு முன்பே.